ஐடி போச்சு தாத்தா!

மின்வாரியத்தில் என் சர்வீஸின் கடைசிப் பகுதி பறக்கும் படையில் கழிந்தது. மின் திருட்டைப் பிடிக்கிற வேலை. லைனில் கொக்கி போட்டவர்கள், மீட்டர் இடுக்கில் எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிசாக நறுக்கிச் சொருகி வட்டைச் சுற்றவிடாமல் நிறுத்தியவர்கள், சீலை உடைத்துவிட்டு அதே போல இன்னொன்றைப் போட்டவர்கள் என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. கொக்கி போட்ட ஏழை பிடிபட்டால் காலில் விழுவான். ஃபிலிம் சொருகிய படித்தவர் வாதாடுவார். “கரண்ட் என்ன சார், கையில பிடிக்கிற சாமானா? எதை எடுத்தேன்னு காட்டுங்க பார்ப்போம்” என்பார். நான் பேசாமல் மகஜர் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த வசனத்தை மறுபடியும் கேட்டது என் சொந்த மகள் வாயால். இப்போது நான் இருப்பது அணுபுரத்தில், அவள் குவார்ட்டர்ஸில். மகளும் மாப்பிள்ளையும் கல்பாக்கத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் பேரன் வந்து சேருவான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் முகம் வெளிறிப் போய் என் முன்னால் வந்து நின்றான். “ஐடி போச்சு தாத்தா!”

ஐடி என்றால் அவனுடைய விளையாட்டுக் கணக்கு. எந்த விளையாட்டு என்று பெயர் சொல்ல வேண்டாம். விமானத்திலிருந்து தீவில் குதித்து, கிடைக்கிற துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கிற வகை. அந்த ஐடிக்குள் டிராகன் படம் போட்ட ஏகே துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடுகிற மேல்சட்டை மாதிரி), இரண்டு மூன்று பண்டில், இன்றைக்குக் கடையில் கிடைக்காத ஒரு பழைய பாஸின் உடுப்பு எல்லாம் இருந்தனவாம். பாதி விளையாடிச் சேர்த்தது. மீதி டாப்-அப் போட்டு வாங்கியது. டாப்-அப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோதுதான் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் நான் கொடுத்த நோட்டுகளின் கதை தெரிந்தது.

போன விதத்தையும் சொன்னான். கில்ட் என்கிற ஆட்டக் குழுவில் கூட ஆடுகிற ஒரு அண்ணன் லிங்க் அனுப்பினான். அழுத்தினால் விளையாட்டுக் காசான டைமண்ட் இலவசம். அழுத்தினால் லாகின் பக்கம் வந்தது. நிறம், லோகோ எல்லாம் அசல் போலவே. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூட இருந்திருக்கிறது. பாஸ்வேர்டைப் போட்டான். தவறான பாஸ்வேர்ட் என்று காட்டிவிட்டு நிஜப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. சரி, கைதவறி அடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால், வேறொரு ஃபோனில் ஐடி ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலும் மாறியிருந்தது.

மகள் கேட்டாள்: “அப்பா, அது ஃபோன்ல தெரியிற படம். கையில பிடிக்கிற சாமானா? போனா போகுது, படிக்கச் சொல்லுங்க.”

எனக்கு மகஜர் எழுதக் கை துறுதுறுத்தது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன். “ஏன்டா, அந்த விளையாட்டே அடுத்தவனைச் சுட்டு அவன் சாமானைப் பிடுங்குறதுதானே? உன்னோடதை ஒருத்தன் பிடுங்கினா மட்டும் திருட்டா?” அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “அது லூட் தாத்தா. ஒருத்தனை அடிச்சா அவன் பெட்டி விழும், நான் எடுத்துப்பேன். என்னை அடிச்சா அவன் எடுத்துப்பான். மேட்ச் முடிஞ்சா எல்லாம் காலி. ஸ்கின் என் ஐடில இருக்கிறது. அதை எவனாலும் சுட்டு எடுக்க முடியாது.”

இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, பதின்மூன்று வயதுப் பையன் சொன்ன இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் உலகத்து நீதிமன்றங்களும் நடந்திருக்கின்றன என்று புரிந்தது.

ஆட்டத்துக்குள் நடக்கிற கொலையையும் கொள்ளையையும் ஆட்டக்காரர்கள் பிகே என்கிறார்கள், பிளேயர் கில்லிங். இதன் பழைய கதை அல்டிமா ஆன்லைன். 1997 ஆகஸ்டில் வெள்ளோட்டம் நடந்தபோது, அந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட்டே லார்ட் பிரிட்டிஷ் என்ற ராஜா வேஷத்தில் குடிமக்களைப் பார்க்க வந்தார். ராஜாவுக்குச் சாவு கிடையாது என்ற ஏற்பாடு அன்றைக்குப் போடப்படாமல் விட்டுப்போயிருந்தது. ரெயின்ஸ் என்ற பெயரில் ஆடியவர் யாரிடமிருந்தோ பிக்பாக்கெட் அடித்த ஒரு தீ மந்திரத்தை வீசினார். ராஜா செத்தார். அது வேடிக்கையாகப் போயிற்று. ஆனால் விளையாட்டு வெளியான பிறகு, ஊர் எல்லையைத் தாண்டிய புதியவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்து உருவிக்கொள்ளும் கும்பல்கள் பெருகிவிட்டன. கடைசியில் 2000இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் விருப்பமில்லாதவரை யாரும் கொல்ல முடியாது. இன்னொரு பக்கத்தில் பழையபடியே. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கொலை இல்லாத பக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் ஈவ் ஆன்லைன். விண்வெளிக் கப்பல்கள், கம்பெனிகள், வியாபாரம் என்று போகிற ஐஸ்லாந்து நாட்டு விளையாட்டு. 2005இல் அதில் ஒரு கூலிப்படை, தாங்கள் குறிவைத்த கம்பெனிக்குள் நல்ல பிள்ளைகளாக வேலைக்குச் சேர்ந்தது. மாதக்கணக்கில் காத்திருந்தது. தலைவியின் நம்பிக்கைக்குரிய இடத்தைப் பிடித்தது. குறித்த நேரத்தில் அவள் கப்பலைச் சுட்டு, கிடங்குகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. சாமான்களின் மதிப்பு நிஜப் பணத்தில் பதினாறாயிரம் டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். விளையாட்டு நிறுவனம் ஒருவரையும் தண்டிக்கவில்லை. துரோகமும் அங்கே ஆட்டத்தின் பகுதி.

அதே ஈவில் 2009இல், ஆட்டக்காரர்களே நடத்திய வங்கியின் தலைவர், ஓர் ஆஸ்திரேலியர், 20,000 கோடி விளையாட்டுக் காசைச் சுருட்டினார். அவரை நிறுவனம் வெளியேற்றியது. சுருட்டியதற்காக அல்ல! அந்தக் காசை வெளியே நிஜப் பணத்துக்கு விற்றதற்காக. வீட்டு முன்பணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் தேவைப்பட்டதாம். வங்கியில் போட்டிருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். எங்கள் வாரியத்திலும் இப்படிச் சில தண்டனைகளைப் பார்த்திருக்கிறேன். செய்த குற்றம் ஒன்று, மெமோ வேறொன்றுக்கு.

இதெல்லாம் கோட்டுக்கு உள்ளே. வெளியே நடந்ததற்கு நெதர்லாந்துக்குப் போக வேண்டும். ஒரு விதத்தில் அவர்கள் நமக்குப் பழைய அக்கம்பக்கம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளே சித்திரவேலை செய்த அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. துணி வாங்க வந்தவர்கள்.

2007இல் அந்த நாட்டின் லேவார்டன் நகரத்தில் ரூன்ஸ்கேப் ஆடிக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை, அவனுக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி லாகின் செய்யச் சொன்னார்கள். விளையாட்டுக்குள் அவன் வைத்திருந்த தாயத்து ஒன்றையும் முகமூடி ஒன்றையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அடித்தது குற்றம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் திருட்டா? குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல், தாயத்து என்று எதுவும் கிடையாது, அது வெறும் தகவல், அதுவும் விளையாட்டு நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரி 31 அன்று தீர்ப்பு: திருட்டுதான். அந்தச் சாமானைச் சேர்க்கப் பையன் உழைப்பும் நேரமும் செலவிட்டிருக்கிறான். அது அவன் ஒருவன் கைவசம் இருந்தது. அது அவனை விட்டுப் போய் இவர்களிடம் சேர்ந்தது. எடுத்த விதமும் ஆட்டத்தின் விதிக்குள் வராது. மேல்முறையீடு செய்த பையனுக்கு 144 மணி நேரம் சமூக வேலை.

இந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் ஒரு கரண்ட் திருட்டு வழக்கு என்று படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஹேக் நகரத்தில் ஒரு பல் டாக்டர், மீட்டரை ஓடவிடாமல் நிறுத்தி மின்சாரம் எடுத்தார். மாட்டிக்கொண்டதும், மின்சாரம் ஒரு பொருளே அல்ல, பொருளைத்தான் திருட முடியும் என்றார். நம் ஃபிலிம்காரர் வசனமேதான். 1921 மே 23 அன்று டச்சு உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மின்சாரத்துக்கு விலை உண்டு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றலாம், ஆகவே திருடவும் முடியும் என்றது. பல் டாக்டரின் மீட்டரிலிருந்து பையனின் தாயத்துக்கு வந்து சேர அந்த நாட்டுக்குத் தொண்ணூறு ஆண்டு பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னார்கள். எங்கள் துறையில் அவதார் சிங் வழக்கைத் தெரியாதவர் குறைவு. 1964இல் நம் உச்ச நீதிமன்றம், தண்டனைச் சட்டத்தின் 378வது பிரிவு சொல்லும் அசையும் பொருளில் மின்சாரம் வராது, மின்சாரச் சட்டத்தின் தனிப் பிரிவு இருப்பதால்தான் அது திருட்டு ஆகிறது என்றது. அந்தச் சட்டப்படி வழக்குத் தொடுக்க வேண்டியவர் தொடுக்கவில்லை என்று அவதார் சிங் விடுதலையும் ஆனார். இன்றைக்கும் கொக்கி போட்டவர் மீது பாய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135வது பிரிவு.

சிக்கலின் வேர், பழைய தண்டனைச் சட்டம் அசையும் பொருளை உருவமுள்ள சொத்து என்று வரையறுத்திருந்ததில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த உருவம் காணாமல் போய்விட்டது. நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் தவிர எல்லா வகைச் சொத்தும் அசையும் பொருளே என்கிறது புதுச் சட்டம். பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. என் கணக்கில் புதுச் சட்டத்தின் பெரிய மாற்றங்களில் இது ஒன்று. பேரனின் டிராகன் துப்பாக்கி உள்ளே நுழைய அங்கே இப்போது வாசல் இருக்கிறது. வாசல் வேண்டாம் என்றால் ஜன்னலும் உண்டு: அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினாலே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

“போனா போகுது” என்று சட்டம் கைவிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஷாங்காயில் ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. லெஜண்ட் ஆஃப் மிர் என்ற விளையாட்டில் கிடைத்த ஒரு வாளை, சியூ செங்வெய் என்பவர் நண்பருக்கு இரவல் கொடுத்தார். நண்பர் அதை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். சியூ போலீசுக்குப் போனார். இல்லாத வாளுக்குப் புகார் எடுக்க முடியாது என்றார்கள். கடைசியில் அவர் நண்பர் வீட்டுக்குப் போய் நிஜக் கத்தியால் குத்திக் கொன்றார். 2005இல் தள்ளிவைக்கப்பட்ட மரண தண்டனை கிடைத்தது. செய்தது கொலை, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனாலும் அந்தப் புகாரை ஒருவர் காகிதத்தில் வாங்கி வைத்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை. சீனாவின் 2021 சிவில் சட்டத் தொகுப்பு இன்றைக்கு இணையத்தில் உள்ள மெய்நிகர் சொத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சரி, திருடன் கிடைக்கவில்லை. தொலைந்ததற்கு யார் பொறுப்பு?

பேரனுக்காக அந்த நிறுவனத்துக்கு நான் எழுதினேன். வந்த பதிலின் சாரம் இரண்டு வரி. பாஸ்வேர்டை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். தவிரவும் ஐடியும் அதில் உள்ள எதுவும் உங்களுடையதல்ல, பயன்படுத்த உங்களுக்கு அனுமதி மட்டுமே உண்டு. விதிமுறைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்த ஒரு நிறுவனம் என்றில்லை, ஏறக்குறைய எல்லோரும் எழுதுவது இதைத்தான். விற்கும்போது வாங்கு, உனக்கே உனக்கு என்பது. தொலைந்தால் அது எப்போது உன்னுடையதாக இருந்தது என்பது. (அந்த விதிமுறைகளுக்குச் சம்மதம் என்று பொத்தானை அழுத்தியவன் மைனர். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இலேயே பிரிவி கவுன்சில் முடிவு செய்த சங்கதி. இதைப் பதிலில் எழுதினேன். மறு பதில் வரவில்லை.)

வாங்கியவன் சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை என்பதைப் பப்ஜி காலத்துப் பிள்ளைகள் அறிவார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. காசு போட்டு வாங்கிய உடுப்பும் ஸ்கின்னும் அதோடு முடங்கின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ள நிறுவனம் கொஞ்ச காலம் வழிவிட்டது. அது அவர்கள் மனசு. 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து தூக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம்தான் திரும்பியது.

பாஸ்வேர்டைக் கொடுத்தது நீதானே என்கிற நியாயம் வங்கியில் முழுசாகச் செல்லாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்ட வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. வாடிக்கையாளரே பாஸ்வேர்டைப் பறிகொடுத்திருந்தாலும், அவர் தகவல் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணம் வங்கியின் தலையில். இந்தச் சின்ன விதியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது பாருங்கள். அதற்கு முன்பே, பொய் மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்து ஆறு லட்சத்துக்கு மேல் இழந்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு, 2010இல் தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத் தீர்ப்பு அதிகாரி, வங்கியே 12.85 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார்.

விளையாட்டுச் சாமானுக்கு இன்னும் கிட்டத்தில் வருவது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் 25 தேதி உத்தரவு. வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ தளத்தில் ஒரு பெண்மணி 1,98,516 ரூபாய் போட்டு 3,532.30 எக்ஸ்ஆர்பி காசு வாங்கியிருந்தார். 2024 ஜூலையில் அந்தத் தளத்தை ஹேக் செய்து வேறு வகைக் காசுகளைத் திருடிப் போனார்கள். நஷ்டத்தை எல்லாருமாகப் பங்குபோட்டுக்கொள்வோம் என்று தளம் இவருடைய காசையும் முடக்கியது. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. கிரிப்டோ நாணயம் கையில் பிடிக்கிற பொருளல்ல, பணமும் அல்ல. ஆனால் அது சொத்து, ஒருவர் அனுபவிக்கவும் இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்றார். அவர் காசுக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தார்.

ஸ்கின்னுக்கும் கிரிப்டோவுக்கும் வித்தியாசம் இல்லையா என்றால், உண்டு. கிரிப்டோவை எங்கும் விற்கலாம். ஸ்கின்னை விற்பது விதிமீறல். நம் பசங்கள் அதையும் விற்கிறார்கள் என்பது வேறு கதை. ஐடியை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து “ஹேக் ஆகிடுச்சு” என்று நிறுவனத்திடம் அழுது ரெகவரி செய்து எடுத்துக்கொள்கிற கில்லாடிகள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் புகாரை நம்பத் தயங்குவதற்கு இதுவும் காரணம். அந்த மட்டில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. களவு போன நகையை உருக்கிவிடுவார்கள். களவு போன கரண்ட் எரிந்து தீர்ந்துவிடும். பேரனின் டிராகன் துப்பாக்கி மட்டும் எங்கேயும் போகவில்லை. அது நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கிறது. எந்த நாளில், எந்த ஃபோனில் கை மாறியது என்று அவர்களுக்கு அத்துப்படி. திருப்பிப் போட ஓர் ஆள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். 2003 டிசம்பரில் பெய்ஜிங்கில் ஒரு நீதிமன்றம் அதைத்தான் செய்யச் சொன்னது. ரெட் மூன் விளையாட்டில் ஆயுதங்களைப் பறிகொடுத்த லி ஹோங்சென் என்ற ஆட்டக்காரருக்கு, சர்வரில் ஓட்டை விட்ட நிறுவனமே அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு. ஆகவே என் தீர்ப்பு இது: ஆட்டத்துக்குள் செத்தால் ஆட்டக்காரன் பொறுப்பு, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு மாட்டினால் புகார் சொல்கிற வரை அவன் பொறுப்பு, புகார் சொன்ன நிமிஷத்திலிருந்து, காசு வாங்கிக்கொண்டு விற்ற நிறுவனம் பொறுப்பு. அந்த நிமிஷத்திலேயே ஐடியை முடக்கி விசாரிக்க வேண்டும். வங்கிக்கு ஒரு சுற்றறிக்கையில் வந்த விதி இவர்களுக்கும் வரலாம்.

நம் ஊரில் ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மிதான் பேச்சு. 2022இன் தமிழ்நாட்டுச் சட்டம், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் எல்லாமே பணம் வைத்து ஆடுவதைச் சுற்றித்தான் சண்டை போட்டன. அந்த அக்கறை தேவைதான். பிள்ளைகள் கையில் இருக்கிற சாமானைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

பேரன் விஷயத்தில் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிவு செய்திருக்கிறோம். எண் வந்திருக்கிறது, ஐடி வரவில்லை. மகள் இப்போது “படம்” என்று சொல்வதில்லை. டாப்-அப் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்த பிறகு அவளுக்கு வந்த கோபம் திருடன் மேல் பாதி, என் மேல் பாதி.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால், திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். விளையாட்டுக்குள்ளேயே நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி, அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐடி எண், முதன்முதலில் லாகின் செய்த மாதம், டாப்-அப் ரசீதுகள் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஐடி யாருடையது என்று காட்ட இவைதான் சாட்சி. பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்கே போக நேர்ந்தால், விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் புகாரா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 66சி என்று பிரிவைச் சொல்லி எழுதிக் கொடுங்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.